சுவரில் முதலாவது பெயர்

யாருக்குக் கொடுத்தால் ஒழுங்காகப் போய்ச்சேரும் என்று நோன்பு வந்தால் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். கொழும்பில் இருப்பவர்கள், கட்டாரில் இருப்பவர்கள், எல்லோரும்தான். நான் இன்னாருடைய மகள், அந்த நோட்டம் எனக்கும் இருக்கும் என்று ஒரு நினைப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எதையாவது கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

சாய்ந்தமருதில் எங்கள் பகுதியில் ஏழைகளுக்கு ஸகாத் கொடுப்பதில் வாப்பாவை மிஞ்ச ஆளில்லை. கொடுப்பதில் என்பதைவிட, கொடுப்பதற்கு முன் துருவுவதில். எங்களுக்கு வயல் இருந்தது. நெல் வீட்டுக்கு வந்த கையோடு, பச்சை அட்டைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். மாடு வாங்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற மனிதர் வாப்பா. வந்தவர்களின் வாயையும் அப்படித்தான் திறக்க வைப்பார். அநாதை மத்ரஸா ஒன்றின் பேரைச் சொல்லி வந்த ஒருவருக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மத்ரஸாவுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. மூணு ஆடு கட்டிக் கிடக்கு" என்று அவர் சொன்னபோது வீடே சிரித்தது. சரியாகத்தான் கண்டுபிடித்தார். அதுதான் கெடுதலாய்ப் போயிற்று. அதற்குப் பிறகு தன் கண்ணிலும் பிழை வரும் என்று அவர் நினைக்கவேயில்லை.

பெரிய சூறாவளிக்கு அடுத்து வந்த நோன்பு அது. எனக்கு எட்டு வயது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். தேங்காய்ப்பாலும் உள்ளியும் ரம்பையும் மணக்கிற அந்தக் கஞ்சிக்கு ஏழை, பணக்காரன் கிடையாது. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சட்டியோடு நிற்கும், மீன்காரர் வீட்டுப் பிள்ளையும் நிற்கும். பள்ளிக் கஞ்சி இல்லாமல் நோன்பு திறந்தால் திறந்த மாதிரியே இருக்காது என்று ஊரே வாங்கும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். ஆனாலும் உம்மா என் கையில் தந்துவிடுவது மூடி போட்ட ஆகப் பெரிய தூக்குச்சட்டி. கை கடுக்கிறது என்று நான் தினமும் சிணுங்குவேன்.

வரும் வழியில் மாமி வீட்டுக்குள் நுழைந்து, முக்கால்வாசியை அங்கே ஊற்றிவிட்டு மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். மாமி என்றால் வாப்பாவைக் காக்கா என்று கூப்பிடுகிற, கூடப்பிறந்த தங்கை. சூறாவளியில் மாமாவின் தோணியும் வலையும் போய்விட்டன. மாமா வேலை தேடிக் கொழும்புக்குப் போனவர், கடிதம்கூடப் போடவில்லை. வீட்டில் மாமியும் அவர் மகள் மச்சியும் இரண்டு சின்னப் பொடியன்களும். மச்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், நல்ல இடம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்தது. மாமி என் சட்டியை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. கஞ்சியின் மேல் ஒரு சின்னத் தட்டை வைத்து, அதில் ஒரு பிடி முருங்கையிலையோ இரண்டு தேசிக்காயோ வைத்து மூடித் தருவார்.

"ஆருக்கிட்டயும் கதைச்சிராத, புள்ள" என்று உம்மா சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டியிருந்தேன்.

கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவர் பாங்கு சொல்கிற பள்ளி மோதினார். மற்றப் பிள்ளைகளுக்கு மேலாக அள்ளி ஊற்றுகிறவர், எனக்கு மட்டும் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி, சோறும் இறைச்சியுமாய் அள்ளுவார். நான் வாப்பாவின் மகள் என்பதால் கிடைக்கிற மரியாதை என்று நினைத்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

அந்தக் கஞ்சிக்கான அரிசியில் பெரும் பங்கு எங்கள் வீட்டு நெல். ஆகவே வாப்பாவுக்கு அதையும் நோட்டம் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் பள்ளி வளவில் ஒரு மூலையில் நின்று பார்த்தார். மோதினார் ஒரு பையில் அரிசியைக் கட்டி, சைக்கிளில் கொளுவிக்கொண்டு போவதைக் கண்டார். அவ்வளவுதான். அந்தப் பை எந்த வீட்டு வாசலில் இறங்கியது என்று மட்டும் அவர் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. ஆட்டைப் பார்க்க அடுத்த ஊர்வரை பஸ் ஏறினவர்!

அப்போதுதான் நாலைந்து படித்த இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். உண்மையான ஏழைகளை மட்டும் விசாரித்து, அட்டையில் காட் எழுதிக் கொடுத்து, காட்டைக் கொண்டுவந்தால் அரிசி கொடுப்பது அவர்கள் திட்டம். வாப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆராருக்குக் குடுக்கிறம் எண்டு பேரெழுதிப் பள்ளிச் சுவத்துல ஒட்டோணும். ஊர் பாக்கோணும். அப்பதான் களவு நடக்காது."

அவர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். வாப்பாவைப் பார்த்து இன்னும் சில வயற்காரர்களும் தங்கள் நெல்லைச் சங்கத்துக்கு மாற்றினார்கள். பத்தாவது நோன்போடு பள்ளிக் கஞ்சி சுருங்கிவிட்டது. பள்ளியிலேயே நோன்பு திறக்கிற ஆண்களுக்கு மட்டும்தான் காணும். சட்டி கொண்டுவரும் பிள்ளைகளை மோதினார் கையசைத்துத் திருப்பி அனுப்பினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. எனக்கோ கை கடுக்காது என்று பெரிய சந்தோஷம்.

மறுநாள் உம்மா வீட்டுச் சோற்றைச் சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். மாமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். முகம் கோபமாக இல்லை.

"பள்ளிக் கஞ்சிண்டா ஊருக்கெல்லாம் பொது, மகள். இது ஒங்கட அடுப்புச் சோறு. உம்மாக்கிட்டச் சொல்லு, எங்களுக்குக் காணும் எண்டு."

சோறு திரும்பி வந்தது. நான் சொன்னதைக் கேட்டு உம்மா அழுதார். சோற்றுக்காக ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, நோன்பு திறந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வாப்பா நல்ல குஷியில் இருந்தார். "பாத்தியா, கஞ்சி நிண்டு எத்தின நாளாச்சு. ஆரும் செத்துப்போனாங்களா?" என்று உம்மாவைக் கேட்டார். உம்மா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"மாமி வீட்டுக்குத்தான் இல்ல வாப்பா. நாந்தானே ஒவ்வொரு நாளும் கொண்டுபோய்க் குடுத்த."

யாரிடமும் சொல்லாதே என்றால் அதில் வாப்பாவும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை. வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். இன்று நினைத்துப் பார்க்கிறேன், அந்த நேரத்தில் எழுந்து ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் வைத்துத் தங்கை வீட்டுப் பின்வாசலில் இறக்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பத்து நிமிஷ வேலை. அவர் அதைச் செய்யவில்லை. சங்கத்துப் பட்டியலுக்குத் தங்கையின் பெயரைக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

"அல்லாஹ்வுக்காக வேணாம்" என்று உம்மா கெஞ்சினார். "புள்ளட கல்யாணக் கதை நடக்குது. மாப்பிள்ளட பெரியப்பா அந்தப் பள்ளிக்குத்தான் ஜும்ஆவுக்கு வாறவரு."

"ஊருக்கு ஒரு நியாயம், என்ட தங்கச்சிக்கு ஒரு நியாயமா? ஒளிச்சுக் குடுத்தா நாளைக்கு என்னையும் கள்ளன் எண்டுதான் சொல்லுவானுகள்" என்றார் வாப்பா. அவர் குரல் உடைந்திருந்தது. தங்கை மேல் பாசம் இல்லாதவர் இல்லை. அந்தப் பாசத்தை விட அவருடைய நேர்மை அவருக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை காட் என் கைக்கு வந்தது. மஞ்சள் நிறத்தில், சீல் குத்தி, அழகாக இருந்தது. மாமியிடம் கொடுக்கச் சொன்னார் வாப்பா. முன்னொரு நாள் அங்கே விட்டுவந்த இன்னொரு சட்டியையும் எடுத்துவரச் சொன்னார் உம்மா, முகத்தைப் பார்க்காமல். போகிற வழியில் பள்ளிச் சுவரைப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் பெயர்கள். முதலாவதாக மாமியின் பெயர், வாப்பா கொடுத்த பெயர் என்பதால். சுவரில் பெயர் ஒட்டுவதை அதுவரை நான் ஒரே இடத்தில்தான் கண்டிருந்தேன், எங்கள் பாடசாலையில், பரீட்சை முடிந்த பிறகு.

ஒரே ஓட்டம் ஓடினேன். "மாமி! மாமி! சுவத்துல ஒங்கட பேருதான் முதலாவது!"

மச்சி சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி அப்படியே நின்றது. மாமி காட்டை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"காக்காக்கு ஆரு சொன்ன, மகள்?"

"நாந்தான்!" என்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

மாமி என் தலையைத் தடவிவிட்டுக் குசினிக்குப் போனார். சட்டியைத் துடைத்து, மூடி போட்டுக் கொண்டுவந்து தந்தார். நான் வெளியே வந்ததும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பார்க்கிற சனமில்லை, ஆகவே வயது பொருந்தவில்லை என்றார்கள். மச்சி பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மாமி எங்கள் வாசல் மிதித்தது வாப்பா மௌத்தான அன்றுதான். சங்கத்தில் ஒரு மணி அரிசிகூடக் களவு போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாப்பா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நான் வேலியைத் தாண்டியதும், மாமி என்ன போட்டுத் தந்திருக்கிறார், முருங்கையிலையா தேசிக்காயா என்று சட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அந்த மஞ்சள் காட் மட்டும் கிடந்தது.

ஐயோ, மாமி மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பி ஓடினேன். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. ஜும்ஆவுக்குப் புறப்பட்ட ஆண்கள் வீட்டு முன் ஒழுங்கை நிறையப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே கேட்கவில்லையாக்கும் என்று என்னால் முடிந்தமட்டும் தொண்டையைத் திறந்து கத்தினேன்.

"மாமி! ஒங்கட அரிசிக் காட்ட மறந்துபோட்டிங்க, மாமி!"