மணப்பெண் வழியாகக் கதைத்த காலை

ஊர்காவற்றுறையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எங்கள் காற்றுப்போன ரயர் ஒட்டும் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் குசினியும். எழுபதுகளின் நடுப்பகுதி. கலியாணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. அந்தக் கிழமை நானும் என் கணவரும் கதைப்பதில்லை. என்னத்துக்குக் கோபித்துக்கொண்டோம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. தேத்தண்ணீரை மேசையில் டொக்கென்று வைப்பேன். அவர் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை அதேமாதிரி டொக்கென்று வைப்பார்.

அன்று காலை ரிப்பன் கட்டிய கார் ஒன்று நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. உள்ளே வெள்ளைச் சேலையில் மணப்பெண். பக்கத்தில் கோட்டுப் போட்ட தகப்பன். சுருவில் ஊரில் இருந்து கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிறார்கள். கலியாணப் பூசைக்கு நேரமாகிவிட்டது.

“ஸ்பெயர் ரயரிலையும் காத்தில்லை அண்ணை,” என்றான் சாரதி.

என் கணவர் ரியூப்பில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கி ஒட்டினார். காற்றடிக்கக் கொம்பிரசரைப் போட்டார். அது ‘ம்ம்ம்’ என்று உறுமியதே தவிரச் சுற்றவில்லை. மோட்டர் எரிந்துவிடும் என்று உடனே நிற்பாட்டினார். பியூசைப் பார்த்தார், நல்லாய் இருந்தது. கொம்பிரசரின் சில்லைக் கையால் சுற்றினார்; அசைய மறுத்தது.

“மோட்டர் எரிஞ்சு போட்டுது போலை,” என்று சாரதி தலையில் கைவைத்தான்.

காருக்குள் வெக்கை என்று மணப்பெண் இறங்கி வந்தாள். கதிரையைத் துடைத்து, மேலே ஒரு துவாயும் விரித்து அவளை இருத்தினேன். எனக்குச் சும்மா நிற்க ஏலவில்லை.

“தங்கச்சி, பெல்ட்டைக் கழட்டிப்போட்டு மோட்டரைத் தனியப் போட்டுப் பாக்கச் சொல்லும்.”

“அதைத்தான் செய்யப்போறன் எண்டு சொல்லும், பிள்ளை,” என்றார் அவர், என்னைப் பாராமலே.

பெல்ட் இல்லாமல் மோட்டர் சுகமாக ஓடியது. அப்படியென்றால் பழுது மோட்டரில் இல்லை.

“காத்துத் தாங்கியிலை நேற்றையக் காத்து நிக்குதோ எண்டு கேளும்.”

“அளவு காட்டுற ஊசி கால்வாசிக்கு மேலை நிக்குது, ரயருக்குக் காணாது எண்டு சொல்லும்.”

மணப்பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையோ?”

தகப்பன் வீதிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் கட்டப்போறவரோடை இன்னும் ஒரு வார்த்தை கதைச்சதில்லை,” என்றாள் அவள். “கட்டினாப் பிறகும் இப்பிடித்தானோ?”

பகிடிக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இஞ்சாருங்கோ,” என்றேன் அவரிடம். “தாங்கிக்குக் கீழை இருக்கிற திருகாணியைத் திறந்து காத்தை விடுங்கோவன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீர் தள்ளி நில்லும். ஊத்தைத் தண்ணி தெறிக்கும்.”

கறள் கரைந்து சிவந்த தண்ணீரும் காற்றுமாகச் சீறிக்கொண்டு வெளியேறின. ஊசி இறங்கியது. இப்போது சில்லு கையோடு சுற்றியது. மெசின் நிற்கும்போது உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடவேண்டிய சின்ன வால்வு இறுகிப்போயிருந்திருக்கிறது. அந்தக் காற்றின் எதிர்ப்பைத் தள்ள மோட்டருக்குப் பலம் போதவில்லை. பெல்ட்டைப் போட்டு மின் ஆளியை அமத்தியதும் கடை அதிரக் கொம்பிரசர் ஓடியது. மணப்பெண் கைதட்டினாள்.

காரில் ஏறியபின் யன்னலால் தலையை நீட்டினாள். “அக்கா, பயமில்லைத்தானே?”

“கோவம் வரும், போகும். நீர் பயப்பிடாமல் போம்.”

கார் போனபின் அவர் அந்த வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். நான் அதே கதிரையில் இருந்தேன்.

“மாப்பிளைப் பெடியனை எனக்குத் தெரியும். நல்ல பெடியன்,” என்றார்.

“அதை அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் ரெண்டு பேரும் என்னைக் கதைக்க விட்டியளே?”

கோயில் மணி அடித்துக் கேட்டது. ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்திருந்த கதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அன்று நான் உலை வைக்கவே நெடுநேரமாகிவிட்டது.