சகலையின் டயர்

பல்செட்டுக்காரருக்குத் தம் சகலையைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் டயர் இல்லை. அது அதற்கும் முந்திய கதை. பெண்ணெடுத்த வீட்டில் பல வருஷம் அவர் ஒருவரே மாப்பிள்ளையாக இருந்து, கூடத்து மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியை அனுபவித்துக்கொண்டிருந்தவர். பிறகு இளையவளைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் வந்து சேர்ந்தார். செருப்புக் கடை விற்பனையாளர். வந்த முதல் நாளே ஏதோ சொல்லி மாமியாரை வாய்விட்டுச் சிரிக்கவைத்துவிட்டார். அந்த அம்மாள் சிரித்துப் பல்செட்டுக்காரர் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் மாமியாருடைய மேல்வரிசைப் பல் முழுவதும் பல்செட்டுக்காரர் தம் கையால் செய்து மாட்டியது. தாம் செய்த பல், அடுத்தவன் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கிறதே என்று அன்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பொருமல். அது பிறகு அடங்கவே இல்லை.

அவர் வேலை செய்தது ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில். ஜன்னலோரமாக ஒரு மேஜை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, சாந்தில் வார்த்த யார் யாருடையவோ வாய்கள், தேய்க்கிற மோட்டார். ஆட்களை அவர் பார்ப்பதில்லை, அச்சுத்தான் வரும். காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராமல் ராவிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் அவர் வேறு ஆள். மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில், கட்டில்களையும் அலமாரிகளையும் ஒதுக்கிவிட்டு, கடை முதலாளி மேஜைகளைச் சேர்த்துப்போட்டு ஒரு பொம்மைக் கார்ப் பந்தயத் தடம் அமைத்திருந்தார். கறுப்பு பிளாஸ்டிக் தடம். அதில் நீளவாக்கில் பள்ளங்கள்; காரின் அடியிலுள்ள ஊசி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஓடும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, அதில் மின்சாரம். கார் விரல் நீளம்தான் இருக்கும். கையிலுள்ள விசையை அழுத்தினால் பறக்கும், விட்டால் நிற்கும். நேர்ப்பாதையில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். வளைவில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போச்சு, கார் பள்ளத்தை விட்டு எகிறி அலமாரிக் கதவில் போய் மோதும்.

எல்லாருக்கும் ஒரே மோட்டார்தான் என்பது அங்கே சட்டம். ஆகவே வித்தியாசமெல்லாம் பின்னால் இருக்கிற இரண்டு டயரில்தான். காரோடு வருகிற டயர் சீக்கிரமே காய்ந்துபோன அழிரப்பர் மாதிரி வழுக்கும். பல்செட்டுக்காரர் தாமே டயர் வார்த்தார். பல் அச்செடுக்கும் கலை கைவசம் இருந்ததால் மெழுகில் வட்டம் செதுக்கி, சாந்தில் அச்செடுத்து, அதில் சிலிக்கான் ஊற்றி, குமிழி வராமல் தட்டித் தட்டி இறுகவிடுவார். பிறகு காரிலேயே மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, மெல்லிய உப்புத்தாளில் லேசாகத் தொடவிட்டுத் தேய்ப்பார். டயர் சின்னதாக ஆக ஆகக் கார் தாழ்ந்து தடத்தோடு ஒட்டி ஓடும். ஆசைப்பட்டு ஒரு இழுப்பு அதிகம் தேய்த்துவிட்டால் வயிறு தரையில் உரசும். அந்த நிதானம் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் டயர் செய்து கொடுப்பார். நல்ல ஜோடியை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்ததைக் கொடுப்பார் என்பது வேறு விஷயம். அங்கே அவருக்குப் பெயர் ‘பல்லு’. பல்லு வந்தால் முதல் இடம் பல்லுக்கு என்பது எழுதாத சட்டம்.

இந்த நிலையில்தான் மச்சினி ஒரு நாள் கேட்டாள். “அத்தான், இவரு லீவு நாளெல்லாம் வீட்டுலயே சுத்திச் சுத்தி வந்து என் உயிரை வாங்குறாரு. உங்க கூட அந்தக் கார் விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்.”

மறுக்க வழியில்லை. கூட்டிக்கொண்டு போனார். மூன்றாந்தரமான ஒரு ஜோடி டயரையும் கொடுத்தார். சகலையின் கார் வளைவுக்கு வளைவு தெறித்தது. ஒவ்வொரு தடவையும் சகலை வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தோற்கிறவனை இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று பல்செட்டுக்காரர் முதல் இடத்தில் நின்றுகொண்டு புழுங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வேறு டயரோடு வந்தார். பொலிவே இல்லாத, கன்னங்கரேலென்று உப்பலான டயர்.

“என்ன சகலை இது?” என்றார் பல்செட்டுக்காரர்.

“செருப்பு.”

“என்னது?”

“செருப்புல பாதத்துக்கு அடியில வைக்கிற அட்டை ஸ்பாஞ்சு, சகலை. கடையில ஓட்டை போடுற கருவி இருக்குல்ல, அதுல வட்டமா வெட்டி, சக்கரத்துல ஒட்டி, நீங்க தேய்க்கிற மாதிரியே தேய்ச்சுப் பாத்தேன். சும்மா விளையாட்டுக்கு.”

அந்தச் சும்மா விளையாட்டு பல்செட்டுக்காரரை அரைச் சுற்று பின்னால் தள்ளியது. வளைவில் அவருடைய கார் துள்ளியபோது சகலையின் கார் அமுங்கி, பிடித்து, வழுக்காமல் திரும்பியது. பந்தயம் முடிந்ததும் யாரோ சொன்னார்கள்: “பல்லைச் செருப்பு அடிச்சிடுச்சுப்பா!” மாடியே அதிர்ந்தது. பல்செட்டுக்காரரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? முகத்தில் ஈயாடவில்லை, உதடு மட்டும் விரிந்தது.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். ‘இது என்ன ஸ்பாஞ்சு?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு ஏறவில்லை. மாறாக, வேலை முடிந்து வரும் வழியில் அவர் செருப்புக் கடைகளுக்குள் நுழையத் தொடங்கினார், சகலை வேலை செய்யும் கடையைத் தவிர்த்துவிட்டு. காலில் போட்டுப் பார்க்க மாட்டார். அட்டையைக் கட்டைவிரலால் அமுக்குவார், மோந்து பார்ப்பார், காதோரம் வைத்து மடக்குவார். கடைப்பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நன்றாக அமுங்கியதெல்லாம் பெண்கள் செருப்பாகவே இருந்தது. அதற்கு அவர் என்ன செய்வார்? வாங்கினார். ஒன்றை வெட்டினால் உதிர்ந்தது. ஒன்று பசையில் கரைந்தது. ஒன்று தேய்க்கத் தேய்க்கச் சப்பளிந்தது. வெட்டாத ஜோடிகளை மருத்துவமனைப் பைக்குள் போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார்.

வீடு பெருக்குகையில் மனைவி அந்தப் பையை இழுத்தாள். முதலில் வந்தது ரோஜாநிறச் செருப்பு ஒன்று.

“என்னங்க இது?”

“செருப்பு.”

“அது தெரியுது. யாருக்கு? என் காலுக்கு இது பாதிகூடப் பத்தாது.”

பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார். ‘உன் தங்கை புருஷன் டயரைக் காப்பியடிக்க’ என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. மாமியார் வீட்டில் அது ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை காதுக்குப் போகும் என்று எண்ணிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“சொல்ல முடியலையா?” என்றாள் மனைவி. அப்புறம் தட்டு வைக்கிற ஓசைதான் பேசிற்று.

பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள் என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. இரண்டு நாள் கண் வீங்கித் திரிந்தாள். அதைப் பார்க்க அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொருத்தி இருக்கிறாள் என்ற பெயரைக்கூடச் சுமந்துவிடலாம், சகலையைப் பார்த்துச் செய்தவன் என்ற பெயரைச் சுமக்க முடியாது என்று அவர் மனசு பிடிவாதமாக நின்றது. பொறாமை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

மனைவி தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை தன் புருஷனிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், புத்தி சொல்ல சகலையே வந்து நின்றார். பல்செட்டுக்காரரை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள்.

“சகலை, நான் சின்னவன். சொல்றேனேன்னு தப்பா நினைக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“யாரு அவங்க?”

“எவங்க?”

“அந்தச் செருப்புக்காரம்மா.” சகலை குரலைத் தாழ்த்தினார். “சின்னப் பொண்ணா இருக்கும்னு அண்ணி அழுவுறாங்க. செருப்பை எங்கிட்ட காட்டுனாங்க. நான் பாத்த உடனே சொல்லிட்டேன், இல்ல அண்ணி, இது குதிகால் வலிக்காரங்க போடுறதுன்னு. கொஞ்சம் வயசானவங்களா, சகலை?”

பல்செட்டுக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையான அக்கறையோடு தம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதனை என்ன செய்வது? காய்ந்த போர்வை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சொன்னார்:

“டயருக்கு.”

“என்னது?”

“டயருக்குய்யா! உங்க டயர் மாதிரி செய்யத்தான் வாங்குனேன். போதுமா?”

சகலை சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே சகலை” என்றார்.

மனைவியிடம் விஷயம் போயிற்று. சிரிப்பாள் என்று பார்த்தால், முன்னைவிடக் கோபம். “இன்னொருத்தின்னு நினைச்சு நான் அழுததுக்காவது ஒரு அர்த்தம் இருந்துச்சு. பொம்மைக் கார் டயருக்காய்யா ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன்?” செருப்புகள் அனைத்தும் அன்றே தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போயின.

மறுநாள் சகலை அந்த ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தார். செருப்பு அட்டைக் கம்பெனிக்காரர் யாரோ மாதிரிக்கு விட்டுச் சென்றதாம், இனிமேல் கிடைக்காதாம். உள்ளங்கை அகலம்தான் மிச்சம். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினார். கோடு சற்றே கோணிவிட்டது. பெரிய பாதியைப் பல்செட்டுக்காரரிடம் நீட்டினார்.

அந்தப் பெரிய பாதிதான் அவருக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்து தொலைத்தால் நிம்மதியாக வெறுக்கலாம். நல்லவனாகவும் இருந்து, ஜெயித்தும் தொலைத்தால் ஒருத்தன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதே ஸ்பாஞ்சைப் போட்டு ஓட்டினால் என்றைக்கும் சகலைக்கு அடுத்தவர்தான். அது அவருக்கு ஒத்துவரவில்லை. உணவு இடைவேளையில் வேலை மேஜையில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு யோசித்தார். ஸ்பாஞ்சு அமுங்கிக்கொடுக்கும். ஆனால் ஓட ஓடத் தடத்துத் தூசியை இழுத்துக்கொண்டு, கடைசிச் சுற்றுகளில் பிடி தளரும். சிலிக்கான் பிடி தளராது. ஆனால் அமுங்காது, துள்ளும். உள்ளே அதுவும் மேலே இதுவுமாக இருந்தால்?

ஸ்பாஞ்சில் வட்டம் வெட்டி, ஒட்டி, தேய்த்து, மேலே சிலிக்கான் தடவினார். அது துளைகளுக்குள் இறங்கி டயரைக் கல்லாக்கிவிட்டது. இன்னொரு ஜோடி. அதுவும் கல். பெரிய பாதி கரைந்துகொண்டே வந்து ஒரே ஒரு ஜோடிக்கு நின்றது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. கலவையைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, அது தேன்போல் இறுகத் தொடங்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு டயரை அதன்மேல் மெல்ல ஒரே உருட்டு உருட்டி எடுத்தார். பாலாடை மாதிரி மெல்லிய படலம் ஒன்று படிந்து, உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சகலை அவருடைய காரைத் திருப்பிப் பார்த்தார். “என்ன சகலை, பளபளன்னு இருக்கு?”

“சும்மா விளையாட்டுக்கு” என்றார் பல்செட்டுக்காரர்.

முதல் சில சுற்று சகலைதான் முன்னால். பல்செட்டுக்காரர் அவசரமில்லாமல் பின்னாலேயே போனார். பாதிக்கு மேல் சகலையின் கார் வளைவுகளில் லேசாக வால் ஆட்ட ஆரம்பித்தது. இவருடையது ஆடவில்லை. கடைசிச் சுற்றுக்கு முந்திய வளைவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நுழைந்தன. சகலை விசையை விடவில்லை. அவர் கார் எகிறிப் பறந்து, விற்பனைக்கு நிறுத்தியிருந்த கட்டில் மெத்தைமேல் போய் விழுந்தது.

பல்செட்டுக்காரர் கோட்டைத் தாண்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கு ஆனந்தம் வரவில்லை. பெரிய பாதியைக் கொடுத்த ஆள் ஆயிற்றே, இதையும் விட்டுக்கொடுத்திருப்பானோ என்று ஒரு சந்தேகம் உள்ளே குடைந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

சகலை சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

“இது செல்லாது” என்றார். “சிலிக்கான் பூசுனா தடத்துல எண்ணெய் மாதிரி படியும். நான் அதுலதான் வழுக்குனேன்.”

மரச்சாமான் கடை முதலாளி குனிந்து, வளைவு நெடுக விரலை இழுத்து, வெளிச்சத்தில் காட்டினார். விரலில் தூசிதான் இருந்தது, எண்ணெய் இல்லை. “சுத்தமா இருக்குப்பா. பல்லுதான் ஜெயிச்சாரு.”

“அப்ப முன்கூட்டியே சொல்லியிருக்கணும்” என்றார் சகலை. காரைப் பெட்டியில் வைத்து மூடிய வேகத்தில் கொக்கி ஒடிந்தது. எல்லாருக்கும் டீ வந்தது. அவர் வேண்டாமென்றார்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் பல்செட்டுக்காரருக்கு மனசு குளிர்ந்தது. இவனுக்கும் எரியும்! விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை இவன், தம்மைப்போலவேதான். இளையவள் கல்யாண நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்குச் சகலையைப் பிடித்திருந்தது. டீயை ருசித்துக் குடித்தார். இன்னொன்றும் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போகவேண்டும். சகலை பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டில் வண்டி திணறியபோதுகூட வழக்கம்போல் கேலி செய்யவில்லை. மச்சினி கதவைத் திறந்து, உள்ளே விடுவிடுவென்று போன புருஷனைப் பார்த்துவிட்டு, “என்ன அத்தான், இவரு மூஞ்சி இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“களைப்பா இருக்கும்மா” என்றார் பல்செட்டுக்காரர், வண்டியைத் திருப்பிக்கொண்டே.

அதன் பிறகும் இருவரும் ஞாயிறு தவறாமல் போகிறார்கள், அதே ஸ்கூட்டரில். ஒரு வாரம் இவர் ஜெயிப்பார், ஒரு வாரம் அவர். திரும்பி வரும்போது ஒருவர்தான் பேசுவார். யார் என்பதை வைத்து, அன்றைக்கு ஜெயித்தது யார் என்று அக்கா தங்கை இரண்டு பேரும் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.