மீசை முளைத்த பிறகு கழித்தல்

என் தம்பி எட்டு வயதில் இருபதாம் வாய்ப்பாடு வரை இந்தியில் பாடுவான். பாடுவான் என்றுதான் சொல்ல வேண்டும். சிப்பிகாட்டில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், டீ வருவதற்குள் அப்பா அவனைக் கூப்பிட்டு நிறுத்துவார். "பஹாடா சொல்லுடா." அவன் கையைக் கட்டிக்கொண்டு, "சாத் ஏகம் சாத், சாத் தூனி சௌதா" என்று ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் தப்பாமல் இழுப்பான். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் தலையை ஆட்டுவார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. அவருக்குக் கடைக்கும் ஆபீசுக்கும் போதுமான இந்திதான் தெரியும். ஐம்பதுக்கு மேல் எண்ணச் சொன்னால் தமிழுக்குத் தாவிவிடுவார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ராகம் சரியாக இருந்தது, அதனால் கணக்கும் சரியாக இருக்கும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து, வேலை கிடைக்கும் என்று பிள்ளையை இந்தி மீடியத்தில் போட்ட எத்தனையோ வீடுகளில் இதே கச்சேரியைக் கேட்டிருக்கிறேன்.

நான் தமிழ் மீடியம். மூத்தவள், பெண்பிள்ளை. என்னை யாரும் விருந்தாளி முன்னால் நிறுத்தவில்லை.

அப்பா அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அவர் இடத்தில் தம்பிக்கு வேலை கொடுக்க வழி இருந்தது. டென்த் பாஸ் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. கணக்கில் மட்டும் இரண்டு முறை ஃபெயில். அடுத்த ரிசல்ட் வரை பார்ப்போம் என்று ஆபீசில் சொன்னார்கள். அது போனால் அவனுக்குக் கூலி வேலைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தேன். அங்கன்வாடியில் வேலை. சாயங்காலம் வந்து அவனோடு உட்கார்ந்தேன். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைப் பார்க்காமல் அழகாக எழுதினான். இது தெரிந்தவன் எப்படி ஃபெயில் ஆனான் என்று எனக்குப் புரியவில்லை. நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று ஒரு இடம் வந்தது. பேனா நின்றது. உதடு அசைந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து தொடங்கி, எட்டாவது வரி வரைக்கும் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

ஒரு தாளில் நானூற்று இரண்டிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கழிக்கச் சொன்னேன். முந்நூற்று எழுபத்தாறு என்றான். ஒவ்வொரு இடத்திலும் எது பெரிசோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருந்தான், மேலே கீழே என்று பார்க்காமல். மூன்றாம் வகுப்பில் விழுந்த ஓட்டை. அதன் மேல் ஏழு வகுப்பைக் கட்டி ஏற்றியிருந்தார்கள். பாவிகள், ஒருத்தருக்குமா கண்ணில் படவில்லை?

மறுநாள் கொல்லையிலிருந்து பாக்கை அள்ளிக்கொண்டு வந்தேன். அங்கன்வாடியில் நான் செய்வதுதான். பத்துப் பாக்கு ஒரு பை, பத்துப் பை ஒரு கூடை. சில்லறைப் பாக்கு போதவில்லை என்றால் பையைப் பிரி. பை இல்லையா, கூடையை இறக்கு. அவன் குனிந்த தலை நிமிராமல் எண்ணினான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மீச மொளச்ச பிள்ளைய பாக்கு எண்ண வச்சிருக்கியேடி. அவனவன் ட்யூஷன்ல எம்புட்டுப் பெரிய கணக்கெல்லாம் போடுறான்."

"அடியில ஒண்ணும் இல்லம்மா. மேல எத வச்சாலும் சரியுது."

ட்யூஷன் பையன்கள் முக்கியமான கேள்விகளை வாங்கி உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வாசலில் நின்று, "க்யா பாய், சுபாரி தந்தா?" என்று பாக்கு வியாபாரமா எனச் சிரித்துவிட்டுப் போனான். அன்றைக்குத் தம்பி கூடையை எட்டி உதைத்தான். பாக்கு கட்டிலுக்கடியில் எல்லாம் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அவனே குனிந்து பொறுக்கினான்.

மழை விடுவதற்குள் அவனுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அதே கணக்கைப் பாக்கைத் தொடாமல் போட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, அந்த நடு சைபர்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சிருந்தேன். கூடைக்குள்ள பத்துப் பை இருக்குல்ல." பிறகு வகுத்தல், பின்னம் என்று ஊர்ந்தோம். பரீட்சை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

எழுதிவிட்டு வந்த அன்று கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் போட்டிருந்தது அத்தனையும் சரி. ஆனால் கால்வாசித் தாளைத்தான் போட்டிருந்தான். மீதிக்கு நேரம் இல்லை.

"அந்தச் சூத்திரக் கணக்கு உனக்கு மனப்பாடமாச்சேடா. அதையாவது எழுதிருக்கலாம்ல?"

"அது எனக்குப் புரியலக்கா. புரியாதத எழுத இந்தத் தடவ கை வரல."

அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். ரிசல்ட்டில் உருப்போட்ட பையன்கள் எல்லோரும் பாஸ். இவன் ஃபெயில். ஆபீசிலும் அதற்கு மேல் பொறுக்க முடியாது என்றார்கள். ரூல் அப்படி, அவர்களைச் சொல்லி என்ன செய்ய? இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருந்தால் வேலையை வாங்கியிருப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

தம்பி இப்போது ரங்கத் பக்கம் ரோடு வேலையில் ஜல்லி அள்ளுகிறான். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவான். போன பொங்கலுக்கு வந்தபோது என் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது படிக்கும் எங்கள் மகனைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவனும் இந்தி மீடியம்தான். நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு வரை ராகமாக இழுத்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

தம்பி மட்டும் தட்டவில்லை. "மாப்ள, ஏழெட்டு எவ்வளவு?" என்றான்.

பிள்ளை கண்ணை மேலே உருட்டினான். "சாத் ஏகம் சாத்..." என்று உதடு அசைந்தது.

தம்பி எழுந்து கொல்லைப்பக்கம் போனான். திரும்பி வரும்போது, காய்ப்பேறிய இரண்டு கைகளிலும் பாக்கு இருந்தது. வந்திருந்தவர்களின் கால் நடுவே அதைத் தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"வா மாப்ள," என்றான். "ஒனக்கு இன்னும் மீச மொளைக்கல."