நில்லு என்றால் ஓடு

அம்பத்தூர் ஏரிக்கரைப் புழுதியில் வேம்புலி குப்புறப் படுத்திருக்கிறார். தொண்ணூறு கிலோ உடம்பு. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்; ஒருவர் மயக்கமோ என்று குனிந்தே பார்த்துவிட்டார். "ஒண்ணும் இல்ல சார், கொயந்த படம் எடுக்கறேன். நீ போய்க்கினே இரு" என்று, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வருகிறது.

மேனாம்பேட்டில் பிறந்தவர். பதினோரு வருடம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். இப்போது ஞாயிறு காலை ஆனால் முகப்பேர் அடுக்குமாடிப் பிள்ளைகளைப் படம் எடுக்க இந்தக் கரைக்கு வந்துவிடுகிறார். ஸ்டுடியோ, திரைச்சீலை, பொம்மை எதுவும் இவருக்கு ஆகாது. "சிரினு சொன்னா எந்தக் கொயந்த சிரிக்கும்? பல்லு டாக்டராண்ட காட்ற மாரி காட்டும்" என்பார். எந்த அப்பாவாவது 'ஸ்மைல்' என்று வாயெடுத்தால் போச்சு, முறைப்பார் பாருங்கள், அப்படி முறைப்பார்.

வித்தை ஒன்றே ஒன்றுதான். "நில்லு!" என்று பொய்யாக அதட்டுவார். அந்தப் பெரிய உடம்பு துரத்த எழுவதுபோல் பாவனை காட்டும். குழந்தை கெக்கலித்துக்கொண்டு ஓடும். ஓடும்போது ஒரு தரம் திரும்பிப் பார்க்கும் அல்லவா, அதுதான் படம். ஐந்தாறு தடவைக்குள் எந்தப் பிள்ளைக்கும் ஆட்டம் பிடிபட்டுவிடும்: நில்லு என்றால் ஓடு.

அப்படி ஒரு ஞாயிறு வந்த மூன்று வயது சரணுக்கு இரண்டே தடவையில் பிடிபட்டுவிட்டது. அம்மா அருள்மொழி தண்ணீர் பாட்டிலோடும் அப்பா நிர்மல் போனோடும் நிழலில் நின்றார்கள். அரை மணி நேரம் அமர்க்களம். எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "தூள் கெளப்பிட்டான் மேடம் உங்க புள்ள" என்று வேம்புலி நிமிர்ந்தபோது பிள்ளையைக் காணவில்லை.

கரையின் வேலிக் கதவு திறந்திருந்தது. அதற்கப்பால் சரிவு. சரிவின் கீழே சாலை. சரண் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

"சரண்! நில்லுடா!" அருள்மொழி அலறினார். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், ஓடினான். நிர்மலும் "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டு பாய, பிள்ளைக்கு இன்னும் குஷி. துரத்துவதற்கு ஆள் கூடிவிட்டதே!

வேம்புலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இதைப் பழக்கிவிட்ட பாவி நான்தானே! கதவு வரைக்கும் ஓடினார். அதற்குமேல் அந்த உடம்பால் ஆகவில்லை. கீழே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

"யாரும் தொரத்தாதீங்கோ! சார், அப்டியே குந்து!" என்று கத்தியவர், அடுத்த நொடி தடாலென்று விழுந்தார். மார்பில் தொங்கிய கேமராவின் மேலேயே விழுந்தார். லென்ஸ் கண்ணாடி நொறுங்கியது. "சரணு! மாமா வுய்ந்துட்டேன்டா! யம்மாடி, வலிக்குதுடா!" என்று ஓவென்று அழுதார்.

சரண் நின்றான். சாலைக்கு இன்னும் ஐந்தாறு அடிதான். இவ்வளவு பெரிய ஆள் அழுது அவன் பார்த்ததே இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போயிற்று. வேம்புலி அழுகையை நிறுத்தவில்லை. அதற்குள் அது நிஜ அழுகையாகவே ஆகிவிட்டிருந்தது. பையன் மெல்ல மெல்லச் சரிவில் ஏறி வந்து, குனிந்து, "மாமா, ரொம்ப வலிக்குதா?" என்றான்.

அருள்மொழி ஓடிவந்து பிள்ளையை வாரினார். தூக்க முடியவில்லை. வேம்புலியின் கை அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது.

"அண்ணா, விடுங்கண்ணா."

"தோ உட்டுட்றேன் மேடம், தோ, உட்டுட்றேன்" என்றார். விடவில்லை.