சீமைப் பலகைக்குள் சுரண்டிய வண்டு

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கும் ஆலையில், நான் தச்சு வேலை பார்த்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தில்தான் என் மகளைப் பெட்டியில் அடைத்தேன்.

எட்டு மாதப் பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டாள். தொழிலாளர் குடும்பங்கள் ஆளுக்கொரு காம்பரா அறையில் குடியிருக்கும் எங்கள் லயத்தில் கைக்குழந்தை செத்தால் துணியில் சுற்றித்தான் புதைப்பார்கள். துரை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பெட்டியா, என் பிள்ளைக்கு என்ன குறைச்சல் என்று எனக்கு வீம்பு. இங்கிலாந்திலிருந்து இயந்திரம் அடைத்து வந்த பைன்மரக் கூடு ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அந்த மரத்தைச் சீமைப் பலகை என்போம். எனக்குக் கிடைத்தது அரை நாள் லீவு. அவசர அவசரமாக அறுத்துப் பெட்டி செய்தேன்.

"பச்ச மண்ணுப்பா, மண்ணோட போகட்டும். பெட்டியில போட்டு அடைக்காத" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"ஒங்க சோலியப் பாருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, மூடியை வைத்து ஆணி அறைந்தேன்.

மிச்சப் பலகையில், சட்டிபானை வைக்க எங்கள் காம்பராச் சுவரில் ஒரு தட்டு அடித்தேன். மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே அடைமழை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் சம்சாரம் பேசாதே என்று கையைக் காட்டினாள். தட்டிலிருந்து கரக், கரக் என்று நகத்தால் சுரண்டுகிற சத்தம் வந்தது.

"எலிடி."

"எலி இல்லீங்க. அது புள்ளயோட பெட்டிப் பலகை. புள்ளதான் சொரண்டுது. உசுரோட வச்சு அறஞ்சுட்டீங்களா?"

"வாயக் கழுவுடி!" என்று கத்தினேன். சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அந்தச் சத்தம் மாதக்கணக்கில் கேட்டது. தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் அவள் பலகையில் வாயை வைத்து, "அம்மா சாயங்காலம் வந்துருவேன்டி" என்பாள். குழியைத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று என் காலைப் பிடித்தாள். நான் மசியவில்லை. எனக்குப் பயம்.

ஒரு நாள் காலை தட்டில் மாவாக மரத்தூள் கொட்டிக் கிடந்தது. பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு வண்டு, உடம்பைவிட நீளமான இரண்டு மீசைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தோட்டத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததுமில்லை. பைன் மரத்துக்குள்ளேயே புழுவாக இருந்து கப்பலில் வந்திருக்கும், இத்தனை நாளும் மரத்தைத் தின்றிருக்கும் என்றார் ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர்.

"பாருடி, இதுதான் சொரண்டுனது!"

வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓவென்று அழுது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களப் போயி சந்தேகப்பட்டேனே, பாவி நான்."

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. மூடியில் கடைசி ஆணியை அறையும்போது உள்ளேயிருந்து எனக்கும் அந்தச் சுரண்டல் கேட்டது. லீவு முடியப்போகிறதே என்று நிறுத்தாமல் அறைந்தேன்.

பூச்சிதான். பூச்சியாகத்தான் இருக்கும்.