வாங்காத ரவிக்கைத் துணி

எழுபதுகளின் கடைசியில் நான் திருவாதவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நர்ஸ். பழங்காநத்தத்திலிருந்து பஸ்ஸில் போய், வீடு வீடாகப் பிரசவம் பார்க்கிற அரசாங்க வேலை.

ஊருக்கு வெளியே காலனியில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்து, அவளை மீட்பதற்குள் எனக்கே உயிர் போய் வந்தது. "அடுத்த பிள்ளைக்கு வலி எடுத்ததுமே ஆளனுப்பணும், தெரியுதா?" என்றேன். தலையாட்டினாள்.

கிளம்பும்போது மாமியார் தட்டு நீட்டினார். வெற்றிலை பாக்கு, பச்சை ரவிக்கைத் துணி, ஒரு டம்ளர் காப்பி.

"கவர்மெண்டு ரூல்மா. எதையும் வாங்கக் கூடாது."

"அப்படியாம்மா," என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

ரூலாம், பெரிய ரூல்! அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் கைநனைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். முழங்கை வரை அவள் ரத்தத்தைப் பூசிக்கொண்ட எனக்கு, அவள் வீட்டுக் காப்பி மட்டும் தொண்டையில் இறங்காது.

மறுவாரம் ஊருக்குள் பெரிய வீட்டு மருமகளுக்குப் பிரசவம். அங்கேயும் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, காப்பி. ஊதி ஊதிக் குடித்தேன். துணியைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தால், தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டு அந்தக் காலனி வீட்டு மாமியார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் அந்தக் காலனிப் பெண் மறுபடி உண்டானாள். நான் எப்போது போனாலும் வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வலி வந்தபோது ஆளும் வரவில்லை. ரேஷன் கடையில் யாரோ சொல்லித்தான் ஓடினேன். அவள் பிழைத்துக் கிடந்தாள். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்து, மூச்சே விடாமல் போயிருந்தது. விரலை விட்டுக் கொடியை விலக்கியிருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. அதைச் செய்ய நான் அங்கே இல்லை.

"ஏண்டி எனக்குச் சொல்லி விடல?" என்று கத்தினேன். யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியும்.

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார்தான் சொன்னார்: "கூட்டிட்டு வாரேன்னு எம்புட்டோ சொன்னேம்மா. நம்ம வீட்டுல ஒரு வாய் குடிக்க மாட்டாங்க, அவுகள எப்படிப் போயிக் கூப்புடுறதுன்னுட்டா."

தலை குனிந்து நின்றேன். பாயிலிருந்து அவள் குரல் மெதுவாக வந்தது.

"அத்தை, வெயில்ல ஓடியாந்திருக்காக. ஒரு எளநி வெட்டிக் குடுங்க. அதுல நம்ம கை படாது, குடிப்பாக."