மூடக் கூடாத சக்கரம்

அத்தை இறந்த கோடையில் அம்மாவும் நானும் பந்தல்குடியில் மாமா வீட்டில் போய் இருந்தோம். பள்ளி விடுமுறைக்கு என்றுதான் என்னிடம் சொன்னார்கள். மனைவியை இழந்த மாமாவைத் தனியே விட்டால் எதையாவது செய்துகொள்வான் என்று அம்மா பயந்தாள். அதை அப்பாவிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தாழ்த்திச் சொல்வதை மட்டும் கவனமாகக் கேட்கிற வயது எனக்கு.

மாமா லாரிக்காரர்களுக்குப் பேட்டரித் தண்ணீர் காய்ச்சி விற்றுவந்தார். பின்கட்டில் அடுப்பு, அதன்மேல் மைதாப் பசையால் மூடியை ஒட்டிய தவலை. அதிலிருந்து கிளம்பும் ஆவி, தகர டின்னுக்குள் சுருண்டு இறங்கும் செம்புக் குழாய் வழியே போகும். டின்னில் குளிர்ந்த தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தால் ஆவி நீராகிப் பாட்டிலில் விழும். அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் பெரும்பாடு. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் உப்புத் தண்ணீர்கூடக் கெஞ்சினால்தான் ஊறும். பரண்மேல் வைத்த பானையிலிருந்து வேகமாக விட்டால் பானை சீக்கிரம் காலி. குறைத்து விட்டால் ஆவி நீராகாமல் அப்படியே வெளியேறிவிடும். மாமா குச்சி சொருகிப் பார்த்தார், துணி சுற்றிப் பார்த்தார். கடைசியில் டிரங்குப் பெட்டியிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். அதில் ஒரு சின்ன வெள்ளைச் சக்கரம். கட்டைவிரலால் உருட்டினால் தண்ணீர் கூடும், குறையும். கச்சிதமாக வேலை செய்தது.

அது ஆஸ்பத்திரியில் அத்தைக்கு ஏற்றிய குழாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அடுப்பு அணைந்த பிறகும் மாமா சக்கரத்தை மூடமாட்டார். வீடு முழுக்கச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் ரோட்டில் லாரிகளும் ஓய்ந்த நேரத்தில், குழாய்ப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "கை கடுப்பு கொறஞ்சிருக்கா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, ஒருவர் பதில் சொல்ல ஆகிற நேரம் பொறுத்திருப்பார். அந்த நேரம்தான் நான் வாசலுக்கு ஓடிவிடுவேன்.

ஒருநாள் அவர் பாட்டில்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரோட்டுக் கடைகளுக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்பே எரியல, இது எதுக்கு ஓடணும்? நான்தானே குடங்குடமா எறைக்கிறேன்."

சக்கரத்தை இறுக்கி மூடிவிட்டுக் கிணற்றுக்குப் போனாள். சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்டது போலிருந்தது. நான் பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆஸ்பத்திரி வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். பின்கட்டில் யாரும் இல்லை.

மாமா வந்ததும் வழக்கம்போல முதலில் குழாயைத்தான் பார்த்தார்.

"யாரும் தொடலையேத்தா?"

"அம்மா மூடிட்டுப் போச்சு மாமா."

அவர் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திரும்பவும் பார்த்தார். "நீயா தெறந்த?"

"இல்ல. அதுவாத் தெறந்துக்கிருச்சு."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். தண்ணீர் வீணான வருத்தம் என்று நினைத்து, அம்மா இப்போது கொண்டுவந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன். அன்று ராத்திரி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அடுப்பு அணைந்ததும் சக்கரத்தை அவரே மூடினார். அந்த வாரமே நாங்கள் ஊர் திரும்பினோம்.

நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். கடைசி நாள் மத்தியானம், ஊசி குத்திய கை கடுக்கிறது என்று அத்தை கெஞ்சியிருக்கிறாள். மாமா சக்கரத்தைக் குறைக்கப் போய் முழுக்க மூடிவிட்டு, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது சொட்டும் இல்லை, அத்தையும் இல்லை. உயிர் போனது அதனால் இல்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னாராம். அவரை நம்பாத மாமா என்னை நம்பினார்.

பழைய சக்கரம் வழுக்கியிருக்கும் என்கிறாள் அம்மா. இருக்கலாம். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது அது இன்னும் உருண்டுகொண்டிருந்தது, ஒரு கட்டைவிரல் உருட்டுகிற நிதானத்தில். மாமா தினமும் கை கடுப்பைக் கேட்டுக் காத்திருந்த பதில் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.